சோசியாலஜியும் பொலிடிகல் சயின்ஸும் ரெண்டுமே மேஜரா எடுக்கப் போறீங்களா? பேப்பர் பிளான் பண்றதுக்கு முழு வழிகாட்டி

என் சித்தி பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சா. சோசியாலஜி, பொலிடிகல் சயின்ஸ் ரெண்டையும் மேஜரா, அதாவது முக்கியப் பாடமா எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு சிலபஸ் பிடிஎஃபையும் போன்ல எறக்கிட்டு வந்து உக்காந்தா. "அக்கா, ரெண்டுலயும் பாதி ஒண்ணாத்தான் இருக்கு, அப்ப ஒண்ணரை பங்கு படிச்சா ரெண்டும் முடிஞ்சிரும்ல?"ன்னு கேட்டா. முதல் வருஷத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன். அது தப்புன்னு தெரிய எனக்கு அஞ்சாவது செமஸ்டர் வரைக்கும் ஆச்சு. அன்னைக்கு அவளுக்கு ஒரு நோட்ல எழுதிக் குடுத்தத கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். ஹிஸ்டரி பொலிடிகல் சயின்ஸ், சோசியாலஜி ஆந்த்ரோபாலஜி, எகனாமிக்ஸ் பொலிடிகல் சயின்ஸ்னு எந்த ஜோடி எடுத்தாலும் வழி இதேதான், பேப்பர் பேர் மட்டும் மாறும்.

மொத்தத்துக்கும் அடிப்படையா ஒண்ணு சொல்லிடுறேன். ரெண்டு பாடமும் ஒட்டி வர்ற எடத்துல உங்களுக்குக் கெடைக்கிற லாபம் படிப்புல தான், கிரெடிட்ல (ஒவ்வொரு பேப்பருக்கும் டிகிரி கணக்குல ஏர்ற புள்ளில) இல்ல. ஒரு தடவை மேக்ஸ் வெபர்ங்கற சமூகவியல் சிந்தனையாளர ஒழுங்கா படிச்சா ரெண்டு பரீட்சைக்கு உதவும், ஆனா ஒரு பேப்பர எழுதி ரெண்டு மேஜர் கணக்குலயும் ஏத்திக்க முடியும்னு நம்பி பிளான் போட்டா கடைசி வருஷத்துல மாட்டிப்பீங்க.

மொதல்ல, நீங்க எந்தப் பக்கம்?

நம்ம கடலூர், பாண்டி பக்கத்த வச்சே சொல்றேன். கடலூர்ல இருந்து பாண்டிக்கு ஒரு பஸ் தூரம் தான், ரெட்டிச்சாவடி தாண்டினா தமிழ்நாடு முடிஞ்சு புதுச்சேரி யூனியன் பிரதேசம், படிப்பு முறையும் வேற. காலாப்பட்டுல இருக்கற புதுச்சேரி பல்கலைக்கழகம் 1985ல ஆரம்பிச்ச மத்தியப் பல்கலைக்கழகம், லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி எல்லாம் அதோட இணைஞ்சது. பாண்டி பக்கம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பர்ல கொண்டு வந்த கிரெடிட் முறை தான் அடிப்படை, அதுல மேஜர், மைனர் (துணைப் பாடம்), டபுள் மேஜர்னு தெளிவா இருக்கு. யுஜிசி அனுமதிக்குதுங்கறதும் உங்க காலேஜ் அத தெறந்து வச்சிருக்குங்கறதும் ஒண்ணு இல்ல, அதனால சேர்றதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்ல போய் "ரெண்டாவது மேஜருக்கு வேண்டிய அத்தனை பேப்பரும் இங்கயே நடக்குதா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க.

கடலூர் பக்கம், பெரியார் கலைக் கல்லூரி மாதிரி எடத்துல சேர்ந்தா பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3ல கோர் (முக்கியப் பாடம்), அலைட் (துணைப் பாடம்), எலக்டிவ் (விருப்பப் பாடம்), பகுதி 4ல நான் மேஜர் எலக்டிவ் (வேற துறை விருப்பப் பாடம்)னு தமிழ்நாட்டு முறை. இதுல பொதுவா டபுள் மேஜர்னு தனி வழி கெடையாது. ரெண்டாவது பாடத்த அலைட்லயும் எலக்டிவ்லயும் புடிக்கணும், இல்ல இன்னொரு வழி இருக்கு: 2022 ஏப்ரல்ல இருந்து ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யுஜிசி அனுமதிச்சிருக்கு, காலேஜ்ல நேர்ல ஒண்ணு, இக்னோ மாதிரி தொலைதூரத்துல ஒண்ணு. அப்படிப் போறவங்களுக்கு கிரெடிட் கணக்கு ரெண்டும் தனித்தனி, நான் கீழ சொல்ற படிப்பு பிளான், ப்ராஜெக்ட் பிளான் அப்படியே பொருந்தும்.

கணக்கப் போட்டுப் பாருங்க, இப்பவே

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எழுதுங்க. யுஜிசி முறைல மூணு வருஷ டிகிரிக்குக் குறைஞ்சது 120 கிரெடிட், நாலு வருஷத்துக்கு 160. மூணு வருஷத்துல முதல் மேஜருக்குக் குறைஞ்சது 60 கிரெடிட். மைனர்னா 24 போதும். ரெண்டாவது மேஜர்னு பேர் வரணும்னா மொத்தத்துல 40%, அதாவது 48. இது போக வேற துறை பேப்பர் 9, மொழி 8, திறன் பேப்பர் 9, வேல்யூ ஆடட் 6, இன்டர்ன்ஷிப் 2, இதெல்லாம் சேர்த்து 34.

இப்ப கூட்டுங்க. 60, 48, 34. மொத்தம் 142. 120 இல்ல. ஆறு செமஸ்டருக்கு வகுத்தா ஒரு செமஸ்டருக்கு கிட்டத்தட்ட 24 கிரெடிட், மத்த பசங்க 20 படிக்கிறப்ப. நாலு வருஷம் போனா 80, 64, 34, அதோட ஆராய்ச்சி ப்ராஜெக்ட் 12, மொத்தம் 190, அதையும் எட்டால வகுத்தா திரும்பவும் 24 கிட்ட தான் வருது. நாலாவது வருஷம் இருக்கு, மெதுவா பண்ணிக்கலாம்னு யாராச்சும் சொன்னா இந்தக் கணக்க காட்டுங்க. ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேர கிளாஸ், 15 வாரத்துக்கு 15 மணி நேரம், ஃபீல்டு ஒர்க் மாதிரி செய்முறைன்னா ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஆக 4 கிரெடிட் அதிகம்னா வாரத்துல நாலு மணி நேரம் கூடுதலா கிளாஸ்ல உக்காரணும், வீட்ல படிக்கிறது தனி.

உங்க காலேஜ்ல இந்த நம்பர் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். அதனால உங்க ரெகுலேஷன் பிடிஎஃப்ல உள்ள நம்பர வச்சு இதே கூட்டல போடுங்க. கூட்டல் முக்கியம்.

ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது

இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஒதுக்குங்க, இந்த வழிகாட்டில நான் ரொம்ப நேரம் செலவழிக்கச் சொல்ற எடம் இது தான். எக்செல் தெரிஞ்சா எக்செல், தெரியலன்னா சார்ட் பேப்பர். இடது பக்கம் சோசியாலஜி பேப்பர் அத்தனையும், வலது பக்கம் பொலிடிகல் சயின்ஸ் பேப்பர் அத்தனையும், ஒவ்வொண்ணுக்கும் நேரா கிரெடிட், எந்த செமஸ்டர்ல நடக்குது, அதுக்கு முன்னாடி எத முடிச்சிருக்கணும்னு எழுதுங்க. பேப்பர் பேர மட்டும் பாக்காதீங்க, யூனிட் யூனிட்டா உள்ள போய்ப் படிங்க, ஏன்னா பேர் வேற உள்ள ஒண்ணுன்னும் இருக்கும், பேர் ஒண்ணு உள்ள வேறன்னும் இருக்கும்.

எழுதி முடிச்சதும் மூணு கலர். பச்சை, முழுசா தனி: சோசியாலஜில குடும்பம், உறவுமுறை, மக்கள்தொகை, மருத்துவ சமூகவியல், அந்தப் பக்கம் சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம், பிளேட்டோல இருந்து ஆரம்பிக்கிற மேற்கத்திய அரசியல் சிந்தனை. மஞ்சள், ஆளுங்க ஒண்ணு கேள்வி வேற: மார்க்ஸ், வெபர், சாதி, பெண்ணியம், சமூக இயக்கங்கள், கிராமமும் பஞ்சாயத்தும். சிவப்பு, கிட்டத்தட்ட ஒரே பேப்பர்: ரிசர்ச் மெத்தடாலஜி, அரசியல் சமூகவியல், சில எடத்துல புள்ளியியல்.

சிவப்பு தான் ஆபத்து. எனக்கு நடந்தது அங்க தான். அரசியல் சமூகவியல் பேப்பர் ரெண்டு டிபார்ட்மென்ட் லிஸ்ட்லயும் இருந்துச்சு, ஒரு சீனியர் அண்ணா "ரெண்டு பக்கமும் எண்ணிப்பாங்க"ன்னு சொன்னாங்க, நான் நம்பிட்டேன். அஞ்சாவது செமஸ்டர்ல ஆபீஸ்ல கணக்கு பாக்கறப்ப ஒரு பக்கம் தான் எண்ணுவோம்னு சொல்லிட்டாங்க, ரெண்டாவது மேஜருக்கு 4 கிரெடிட் பத்தல. அந்த 4 கிரெடிட்டுக்கு ஆறாவது செமஸ்டர்ல ப்ராஜெக்ட், வைவா, எல்லாத்துக்கும் நடுவுல இன்னொரு பேப்பர் எழுத வேண்டியதாச்சு. அம்மா ஒரு மாசம் காலைல நாலரை மணிக்கு எழுப்பி விட்டாங்க. நல்லபடியா முடிஞ்சுது, ஆனா அந்தக் கஷ்டம் தேவையே இல்லாதது.

அதனால சிவப்பு பேப்பர் ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி. இத எந்த மேஜர் கணக்குல போடுவீங்க? இன்னொரு மேஜர்ல அதுக்கு பதிலா என்ன பேப்பர் எடுக்கணும்? அந்த மாத்துப் பேப்பர் எந்த செமஸ்டர்ல நடக்கும்? இத ஹெச்ஓடிகிட்ட (துறைத் தலைவர்கிட்ட) வாயால கேட்டா பத்தாது. ஒரு பக்க லெட்டரா எழுதி, பேப்பர் கோடு போட்டு, ரெண்டு ஹெச்ஓடிகிட்டயும் கையெழுத்து வாங்கி ஒரு ஜெராக்ஸ் வீட்ல வைங்க. ஹெச்ஓடி மாறுவாங்க, விதி திருத்துவாங்க, கையெழுத்து போட்ட பேப்பர் உங்க கையில இருக்கும். "மேடம், ரெண்டாவது மேஜர் கிரெடிட்ல குழப்பம் வரக்கூடாதுன்னு தான் கேக்குறேன்"ன்னு பணிவா சொன்னா பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டாங்க.

எத முதல் மேஜரா வைக்கணும்

டிகிரி சர்டிஃபிகேட்ல எப்படி அச்சடிப்பாங்கன்னு கேளுங்க. அது தான் நாளைக்கு வேலை விண்ணப்பத்துலயும் எம்ஏ அட்மிஷன்லயும் மொதல்ல பாக்கறது. நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதி காலேஜ்ல வாத்தியாரா போகணும்னா எம்ஏ எதுல பண்ணப் போறீங்களோ அத முதல் மேஜரா வைங்க, நெட்ல சோசியாலஜி தனி பாடம், பொலிடிகல் சயின்ஸ் தனி பாடம். யுபிஎஸ்சி கனவுக்காக ரெண்டும் எடுக்கறவங்க நிறைய பேர், அவங்களுக்கு ஒரு விஷயம்: அந்தப் பரீட்சைல ஆப்ஷனல் (நாமளே தேர்ந்தெடுக்கிற பாடம்) ஒண்ணு தான், ரெண்டு தாள் சேர்த்து 500 மார்க், ரெண்டு மேஜர் படிச்சாலும் அதுல ஒண்ண தான் எடுக்க முடியும். இன்னொண்ணு ஜெனரல் ஸ்டடீஸ்ல இந்திய சமூகம், அரசியலமைப்பு பகுதிக்கு நல்லாவே கை குடுக்கும், அது உண்மை.

கடைசி செமஸ்டர்ல இருந்து பின்னாடி வாங்க

எல்லாரும் முதல் செமஸ்டர்ல இருந்து தான் நிரப்புவாங்க. நீங்க ஆறாவதுல இருந்து ஆரம்பிங்க. கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட் இருக்கும், அதோட ரெண்டு பேப்பருக்கு மேல வராத மாதிரி எழுதுங்க. ப்ராஜெக்ட்டுக்கு ரிசர்ச் மெத்தடாலஜி வேணும், அப்ப அது நாலாவதுலயோ அஞ்சாவதுலயோ முடிஞ்சிருக்கணும். சமூகவியல் கோட்பாட்டுல மேல்மட்ட பேப்பருக்கு அடிப்படை பேப்பர் வேணும், அப்ப அது ரெண்டாவது மூணாவதுல. பேப்பர் நம்பர் 100ல ஆரம்பிச்சா அறிமுக மட்டம், 200, 300 போகப் போக மேல, 400னா ஹானர்ஸ் மட்டம், இந்த நம்பரே வரிசைய சொல்லிடும்.

இதுல பெரிய முட்டுக்கட்டை ஒற்றைப்படை, இரட்டைப்படை செமஸ்டர். ஒரு பேப்பர் ஜூலைல ஆரம்பிக்கிற செமஸ்டர்ல மட்டும் நடக்குதுன்னா அத விட்டா ஒரு வருஷம் போச்சு. ஆள் சேரலன்னா எலக்டிவ நடத்தவே மாட்டாங்க, அதனால எலக்டிவ் எடத்துல எப்பவும் ரெண்டு பேப்பரோட பேர எழுதி வைங்க.

ரெண்டாவது மேஜர்ல நாலாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள 24 கிரெடிட் சேர்ற மாதிரி போடுங்க. ஏன் 24னா, அது மைனருக்கு வேண்டிய அளவு. நடுவுல வீட்ல ஏதாச்சும் ஆச்சு, உடம்பு முடியல, இல்ல ஒரு பாடம் மேல மனசு போகல, அங்கயே நிறுத்தினாலும் பொலிடிகல் சயின்ஸ் மைனர்னு கையில ஒண்ணு இருக்கும், படிச்சது வீணா போகாது. முதல் வருஷத்துலயே ரெண்டாவது மேஜர தள்ளிப் போட்டவங்க தான் கடைசில ரெண்டும் இல்லாம நிக்கறாங்க. மேஜரே மாத்தணும்னு தோணினா முதல் வருஷ முடிவுல தான் அதுக்கு வாய்ப்பு, அதுக்குள்ள ரெண்டு பாடத்துலயும் குறைஞ்சது ரெண்டு பேப்பர் எழுதிப் பாத்திருங்க.

டைம்டேபிள் மோதும், கண்டிப்பா மோதும். ரெண்டு டிபார்ட்மென்டும் நல்ல நேரம்னு காலைல பத்து மணி கிளாஸ தான் எடுத்துப்பாங்க. செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடி தற்காலிக டைம்டேபிள் ஒட்டுவாங்கல்ல, அந்த வாரமே போய்ச் சொன்னா ஒரு கிளாஸ நகர்த்துவாங்க, கிளாஸ் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சு சொன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்பவும் சரி வரலன்னா ஸ்வயம்னு மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளம் இருக்கு. ஒரு செமஸ்டர் பேப்பர்ல 40% வரைக்கும் ஸ்வயம்ல எடுத்து கிரெடிட்டா மாத்த விதி இருக்கு. ஆனா பேர் குடுக்கறதுக்கு முன்னாடியே எந்தப் பேப்பருக்கு பதிலா இதுன்னு டிபார்ட்மென்ட் ஒத்துக்கணும், பரீட்சை எழுதிட்டு வந்து கேட்டா ஏத்துக்க மாட்டாங்க. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம்னு தினமும் வந்து போறவங்க இன்னொண்ணு பாருங்க: காலாப்பட்டு பாண்டி டவுனுக்கும் வடக்க, கடலூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும், அரியாங்குப்பம் முருங்கப்பாக்கம் நெரிசல்ல முதல் கிளாஸ் போயிரும். எட்டரை மணி பேப்பர்ல அட்டெண்டன்ஸ் 75% நிக்காது, முடிஞ்சா அந்த ஸ்லாட்ல வர்ற எலக்டிவ தவிருங்க.

மஞ்சள் பேப்பர எப்படிப் படிக்கிறது

லாபம் இங்க தான் இருக்கு. வெபர எடுத்துக்குவோம். சோசியாலஜி பேப்பர்ல வெபர்னா செயலோட அர்த்தத்தப் புரிஞ்சிக்கிறது, மாதிரி வகை (ஐடியல் டைப்), புராட்டஸ்டன்ட் மதமும் முதலாளித்துவமும். பொலிடிகல் சயின்ஸ் பேப்பர்ல அதே வெபர், ஆனா மரபு, கவர்ச்சி, சட்டம்னு மூணு வகை அதிகாரம், அரசுன்னா முறையான வன்முறைக்கு ஏகபோக உரிமை உள்ள அமைப்பு, அதிகாரவர்க்கம். ஒருத்தர தான் படிக்கிறோம், ஆனா ஒரு பாடத்துக்கான பதில இன்னொரு பாடத்துல எழுதினா மார்க் வராது. மார்க்ஸும் அப்படியே: சோசியாலஜில வர்க்கம், அந்நியமாதல், பொலிடிகல் சயின்ஸ்ல அரசு யாரோட கருவி, புரட்சி.

நான் என்ன பண்ணேன்னா ஒரு சிந்தனையாளருக்கு ஒரே நோட், நடுவுல கோடு. இடது பக்கம் "சமூகம் எப்படி சேர்ந்து நிக்குது", வலது பக்கம் "யாருக்கு அதிகாரம், அத ஏன் மத்தவங்க ஏத்துக்கறாங்க". எந்தத் தலைப்பு வந்தாலும் ரெண்டு கேள்வியையும் கேட்டு ரெண்டு பக்கமும் நிரப்புவேன். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் இதுக்கு நல்ல உதாரணம். ஆதிக்க சாதின்னு அவர் சொன்னது சோசியாலஜி வகுப்புல வரும், ஓட்டு வங்கிங்கற சொல்லும் 1950கள்ல அவர் எழுத்துல இருந்து வந்தது தான், அது பொலிடிகல் சயின்ஸ் வகுப்புல வரும். ரெண்டையும் சேர்த்துப் படிச்சா தான் ஒரு கிராமத்துல நெலம் யாருகிட்ட இருக்குங்கறதுக்கும் ஓட்டு எங்க போகுதுங்கறதுக்கும் உள்ள சம்பந்தம் புரியும். டபுள் மேஜர் எடுத்ததுக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த நாள்னா இத ஒரே நோட்ல எழுதி முடிச்ச நாள் தான்.

மஞ்சள் பேப்பர் ரெண்டும் ஒரே செமஸ்டர்லயோ அடுத்தடுத்த செமஸ்டர்லயோ வர்ற மாதிரி பிளான்ல வைங்க. ரெண்டு வருஷ இடைவெளி விட்டா மறந்துரும், லாபம் போச்சு. படிக்க எடம் வேணும்னா பாண்டில ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கு, 1827ல தொடங்கினது. சமூக அறிவியல் ஆராய்ச்சிக்குன்னே பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் நூலகம் இருக்கு, காலேஜ் ஐடி, ஒரு லெட்டர் எடுத்துட்டுப் போய்க் கேளுங்க.

ப்ராஜெக்ட்: ஒரு ஊர், ரெண்டு கேள்வி

ரெண்டு மேஜருக்கும் ஒரே ப்ராஜெக்ட்ட குடுக்க முடியாது, அதே டேட்டாவ வச்சு அதே அத்தியாயத்த ரெண்டு தடவை குடுத்தா ப்ளேஜியரிசம் சாஃப்ட்வேர் புடிச்சிரும், புடிக்கலன்னாலும் அது நேர்மை இல்ல. ஆனா ஒரே ஊர்ல ரெண்டு வேற கேள்வி கேக்கலாம், ரெண்டு கைடும் அது தெரிஞ்சு கையெழுத்து போட்டா போதும்.

உதாரணம் சொல்றேன். கடலூர் பக்கம் தேவனாம்பட்டினமோ பாண்டி பக்கம் வீராம்பட்டினமோ ஒரு மீனவ ஊர எடுத்துக்கோங்க. ஊர் பஞ்சாயத்துன்னு ஒண்ணு உண்டு, வரி போடுவாங்க, கடல் சண்டை, வலை சண்டை தீர்ப்பாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையோரத்துல நிவாரணம் நிறைய ஊர்ல அவங்க வழியாத்தான் போச்சு. சோசியாலஜி கேள்வி: வரிக்கணக்குல யாரு ஒரு குடும்பம்னு எண்ணப்படுறாங்க, புருஷன் இல்லாத பொம்பளைங்க அதுல எங்க நிக்கறாங்க? பொலிடிகல் சயின்ஸ் கேள்வி: ஓட்டுப் போட்டு வந்த கவுன்சிலர் ஒரு பக்கம், ஊர் நாட்டார் (ஊர் பஞ்சாயத்துப் பெரியவங்க) ஒரு பக்கம், மக்கள் எந்தப் பிரச்சனைக்கு யாருகிட்ட போறாங்க? புதுச்சேரில இது இன்னும் ஆழமான கேள்வி, ஏன்னா அங்க உள்ளாட்சித் தேர்தல் 1968ல நடந்து அப்புறம் 2006ல தான் நடந்துச்சு. தேர்தல் நடக்காத வருஷத்துல ஊர் வேலைய யாரு பாத்தாங்கங்கறதே ஒரு முழு ப்ராஜெக்ட்.

ஃபீல்டு ஒர்க் எப்ப போறீங்கங்கறதும் பிளான்ல இருக்கணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம பக்கம் மழை, புயல், 'தானே'ன்னு பேர் வச்ச புயல் வந்ததே 2011 டிசம்பர் 30ல தான். அந்த நேரத்துல கணக்கெடுப்பு வச்சுக்காதீங்க, பாதில நிக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, பெரும்பாலான ஆளுங்க கரைல வலை சரி பண்ணிட்டு இருப்பாங்க, உக்காந்து பேச நேரம் இருக்கும். ஆனா அது அவங்களுக்கு வருமானம் இல்லாத காலம்ங்கறத மனசுல வச்சு, நேரம் கேட்டு, முதல்ல ஊர் பெரியவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. அஞ்சாவது செமஸ்டர்ல ஒரு ப்ராஜெக்ட், ஆறாவதுல ஒண்ணுன்னா முதல் ப்ராஜெக்ட்டுக்கான நேர்காணல அதுக்கு முந்தின கோடை லீவ்லயே முடிச்சிருங்க. இன்டர்ன்ஷிப்பையும் அதே ஊர்ல வேலை செய்யற ஒரு அமைப்புல போட முடிஞ்சா இன்னும் நல்லது, ஆளுங்க பழகிருப்பாங்க.

செமஸ்டர் முடியற ஒவ்வொரு தடவையும்

ரிசல்ட் வந்த வாரமே அந்த சார்ட்ட எடுத்து பாஸான பேப்பர அடிங்க. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்னு, நீங்க வாங்கின கிரெடிட்ட சேத்து வைக்கிற ஆன்லைன் கணக்குல உங்க கிரெடிட் ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலன்னா உடனே ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. அரியர் விழுந்தா பயப்பட வேணாம், ஆனா அது எந்தப் பேப்பருக்கு அடிப்படைன்னு பாத்து அடுத்தடுத்த கட்டத்த நகர்த்துங்க. நாலு வருஷம் போய் ஆராய்ச்சியோட ஹானர்ஸ் வேணும்னா முதல் ஆறு செமஸ்டர்ல 75% வேணும், அதனால ஒரு செமஸ்டர்ல 26, 28 கிரெடிட்னு அடைச்சு மார்க்க கெடுத்துக்காதீங்க.

என் சித்தி பொண்ணோட சார்ட் இப்ப அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. ஆறாவது செமஸ்டர் கட்டத்துல ப்ராஜெக்ட்டும் ரெண்டு பேப்பரும் மட்டும் எழுதியிருக்கா. சிவப்பு பேப்பர் மூணு, அதுல ரெண்டுக்கு மாத்துப் பேப்பர் கண்டுபிடிச்சாச்சு, மூணாவதுக்கு திங்கக்கிழமை டிபார்ட்மென்ட் போறா, லெட்டர் எழுதி பையில வச்சிருக்கா.